எண்ணூர் கழிமுகம்: தண்ணீர் ரிப்போர்ட் ‘வரம்புக்குள்’, ஆனால் இறால் இல்லை. எதை அளக்க வேண்டும்?

கொசத்தலைக்கரை:

வணக்கம். சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து அத்திப்பட்டு வரை நான்கு இடங்களில் தண்ணீர் எடுத்து லேபில் கொடுத்தோம். ஆக்சிஜன், பிஎச் (அமில-காரத் தன்மை), பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர் செலவழிக்கும் ஆக்சிஜன்), ஈயம், காட்மியம் எல்லாமே வரம்புக்குள் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சிஓடி (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) மட்டும் நாலு இடத்திலும் தாறுமாறாக எகிறி நிற்கிறது.

களத்தில் பார்ப்பது வேறு. வெள்ளை இறால் அருகிவிட்டது. மஞ்சள் மட்டி கிடைத்த இடங்களில் இப்போது காக்கா ஆழி என்ற வெளிநாட்டுச் சிப்பிதான் படர்ந்திருக்கிறது. சில இடங்களில் இறங்கினால் கணுக்கால் முழுக்கச் சாம்பல் சேற்றில் புதைகிறது.

மாதிரி எடுத்த விதம்: காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணிக்குள், படகிலிருந்து மேல்தண்ணீர், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேன். ஆக்சிஜனை மட்டும் கையடக்க மீட்டரில் அங்கேயே பார்த்தோம்.

மீனவர் சங்கத்தின் மனுவோடு இந்த ரிப்போர்ட்டை இணைக்கலாமா? மறுபடி எடுப்பதென்றால் எதை, எங்கே, எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்? கல்லூரி லேப் ஒன்றின் உதவி இருக்கிறது. பெரிய செலவு முடியாது.

---

பிப்பெட்:

இப்போதைக்கு இணைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டும். லேப் தப்பு செய்தது என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கேனில் இருந்த தண்ணீரைப் பற்றி அது சரியாகவே சொல்லியிருக்கலாம். கழிமுகத்தைப் பற்றிப் பேச அது போதாது.

முதலில் ஆக்சிஜன். பத்தரை மணிக்கு வெயில் நன்றாக ஏறி, பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டிருக்கும். சாக்கடை வந்து கலக்கும் தண்ணீரில் பாசிக்கு உரம் நிறையக் கிடைப்பதால் பகலில் அளவு இன்னும் நன்றாகவே காட்டும். இரவில் அதே பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிடும். விடியற்காலை நாலு முதல் ஆறு மணிக்குள்தான் அளவு அடிமட்டத்துக்கு வரும். அதை அளக்காமல் ஆக்சிஜனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து மீட்டர். அதில் உப்புத் திருத்தம் போட்டீர்களா? 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.2 அளவில்தான் பிடிக்கும். மீட்டரில் உப்பளவைப் பூஜ்யமாகவே விட்டுவிட்டால், கடல்நீரில் உண்மையில் 4.1 இருக்கும்போது அது 5 என்று காட்டும். வரம்பே 5 மி.கி. அல்லது 60 சதவீத நிறைவு என்பதால் (உப்பளம், சிப்பி வளர்ப்பு போன்றவற்றுக்கான எஸ்டபிள்யூ-1 வகைக் கடலோர நீருக்கு) இந்த ஒரு பட்டன் ரிப்போர்ட்டையே மாற்றிவிடும்.

கல்லூரி லேப் இருப்பதால் விங்க்ளர் முறையே (ரசாயனம் விட்டு ஆக்சிஜனை அளப்பது) நல்லது. 300 மி.லி. பிஓடி பாட்டிலின் அடிவரை குழாயை விட்டு, பாட்டில் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வழிந்தோட விடுங்கள். குமிழ் ஒன்றுகூட நிற்கக் கூடாது. மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மி.லி., ஆல்கலி அயோடைடு அசைடு 2 மி.லி., இரண்டையும் பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. படகிலேயே தெரிந்துவிடும், போட்டோ எடுத்து வையுங்கள். படிந்ததும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கரைத்து, லேபில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்தால் (நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால்), செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். அழுகிய முட்டை நாற்றம் வரும் தண்ணீரில் மட்டும் கவனம்: சல்ஃபைடு அயோடினைத் தின்றுவிடுவதால் அளவு உண்மையைவிடக் குறைவாக வரும்.

சிஓடியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. இருக்கிறது. சிஓடி சோதனையில் விடும் டைக்குரோமேட் அழுக்கை மட்டுமல்ல, குளோரைடையும் சேர்த்தே ஆக்சிஜனேற்றும். அதை அடக்கச் சேர்க்கும் மெர்க்குரிக் சல்ஃபேட் வழக்கமான அளவில் 2,000 மி.கி. குளோரைடு வரைக்கும்தான் தாங்கும். உங்களுக்கு எகிறியிருப்பது பெரும்பாலும் உப்பு. இதை மனுவில் வைத்தால் விஷயம் தெரிந்த யாரும் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள்.

உலோகத்துக்குச் சாதாரணக் கேன் ஆகாது. அமிலம் சேர்க்காமல் வைத்தால் ஈயம் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு ரிப்போர்ட்டில் குறைந்துவிடும். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவிய பாட்டில், 0.45 மைக்ரான் வடிகட்டி, வடித்த கையோடு பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம். பாதரசத்துக்குக் கண்ணாடி பாட்டில்.

அம்மோனியா உங்கள் பட்டியலிலேயே இல்லை. பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். லேப் தருவது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு. 30 டிகிரியில் அந்தப் பங்கு பிஎச் 7-இல் ஒரு சதவீதம்கூட இல்லை, 8-இல் ஏழு சதவீதம் அளவுக்கு வரும், 9-இல் நாற்பதைத் தாண்டும் (நன்னீர்க் கணக்கு, உப்புநீரில் கொஞ்சம் குறையும்). மத்தியானம் பாசி பிஎச்சை ஏற்றிவிடும் என்பதால், ஆக்சிஜன் நன்றாக இருக்கும் அதே நேரத்தில்தான் அம்மோனியாவின் நஞ்சு உச்சத்தில் இருக்கும். மாதிரி எடுத்த இடத்திலேயே பிஎச்சும் வெப்பநிலையும் குறிக்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

---

சேற்றுநண்டு:

பிப்பெட் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் தண்ணீரோடு நின்றுவிட்டால் எண்ணூரின் கதை பாதிகூட வராது. வண்டலை எடுங்கள்.

காரணம் இதுதான். ஆற்றுத் தண்ணீரில் மிதந்து வரும் நுண்களிமண் துகள்கள் உப்பைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகிக் கீழே இறங்கிவிடும். ஈயம், குரோமியம் போன்றவை அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டே வருவதால் அவையும் கூடவே இறங்கும். அதனால்தான் கழிமுகத் தண்ணீரில் உலோகம் பெரும்பாலும் குறைவாகத் தெரியும். சேறு அதை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். இறாலும் நண்டும் மட்டியும் வாழ்வது அந்தச் சேற்றில்.

எண்ணூரில் இதோடு சாம்பல். அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் குழம்பாகப் போகும் குழாய்கள் கழிமுகத்தைக் கடந்துதான் போகின்றன. கசிந்தது பல வருடங்களாகப் படிந்திருக்கிறது. நம் ஊர் நிலக்கரியில் சாம்பலே 30 முதல் 45 சதவீதம். ஆர்சனிக், செலினியம், குரோமியம் எல்லாம் சிறு அளவில் அதனுடன் வரும். ஆனால் நஞ்சு என்று போவதற்கு முன்னால் துகளின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 100 மைக்ரானுக்குக் கீழே, மாவைப் போல. படிந்தால் இறுகிவிடும். வெள்ளை இறால் குஞ்சாகக் கடலிலிருந்து உள்ளே வந்து, சில மாதம் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. சேற்றுக்குள் புதைந்து தப்பிக்கும் பழக்கம் அதற்கு உண்டு, தோல் உரிக்கும் சமயத்தில் அது இன்னும் அவசியம். புதைய முடியாத தரையில் இறால் தங்குவது கடினம். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

சாம்பல் இருக்கிறது என்று நிரூபிப்பது செலவில்லாத வேலை. இரண்டு அங்குல பிவிசி பைப்பை 60 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை உட்புறமாகச் சாய்த்துக் கூராக்குங்கள். கடல் வற்றத்தில் சேற்றில் நேராக இறக்கி, மேல் முனையை ரப்பர் அடைப்பானால் இறுக்கி மூடிவிட்டு மெதுவாக உருவுங்கள். மூடாமல் இழுத்தால் சேறு நழுவிக் கீழேயே நின்றுவிடும். பைப்பை நெடுக்குவாக்கில் அறுத்துப் பிளந்தால் அடுக்கு தெரியும்: மேலே வெளிர்சாம்பல், விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர் மாதிரி வழுக்கும், அதன் கீழே கறுப்புச் சேறு, நாற்றத்தோடு, அதற்கும் கீழே சிப்பித் துண்டுகள் கலந்த பழைய மணல். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதி, இடம், ஓதம் (கடல் ஏற்றமா வற்றமா) எழுதிய சீட்டோடு போட்டோ எடுங்கள். சாம்பல் அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து, 400 மடங்கு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மணல் துகள் கோணல்மாணலாக இருக்கும். சாம்பல் உருண்டை உருண்டையான கண்ணாடி மணிகளாகத் தெரியும், சிலது உள்ளே காலியாக. இயற்கை வண்டலில் அப்படி மணிகள் வராது. கல்லூரி மைக்ராஸ்கோப்பே போதும்.

கறுப்பு அடுக்கையும் விடாதீர்கள். கடல்நீரில் சல்ஃபேட் லிட்டருக்குச் சுமார் 2,700 மி.கி. இருப்பதால், ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். அதே சாக்கடை ஏரியில் கலந்தால் இவ்வளவு சல்ஃபைடு வராது; கழிமுகத்தில் வரும். அது மட்டிக்கும் புழுவுக்கும் நஞ்சு. ஆனால் அதே சல்ஃபைடு உலோகங்களைப் பிடித்துக் கட்டியும் வைக்கிறது. அதனால் ‘தூர்வாரினால் எல்லாம் சரியாகும்’ என்று மனுவில் ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள். கறுப்புச் சேற்றைக் கிளறிக் காற்றுப் பட விட்டால் கட்டுண்ட உலோகம் அவிழ்ந்து தண்ணீருக்கு வரும், ஆக்சிஜனும் ஒரேயடியாக இறங்கும். சுற்றிலும் வண்டல் தடுப்புத் திரை, வாரியதை அலையாத்தி ஓரத்தில் கொட்டாமல் வெளியே அகற்றுவது, இறால் குஞ்சு ஏறும் மாதங்களில் வேலையை நிறுத்துவது என்று நிபந்தனையோடு கேளுங்கள்.

உலோகத்துக்கு மேல் 5 செ.மீ. சேறு போதும். பிளாஸ்டிக் கரண்டி, இரும்பு வேண்டாம். லேபில் 63 மைக்ரான் சல்லடையில் இறங்கிய நுண்பகுதியைத்தான் சோதிக்கச் சொல்லுங்கள். மணல் அதிகமுள்ள இடமும் களி அதிகமுள்ள இடமும் அப்படியே ஒப்பிட்டால் களி இடம்தான் எப்போதும் ‘மாசு’ என்று வரும். கூடவே அலுமினியத்தையும் அளந்து விகிதம் பாருங்கள். (சாம்பலிலேயே அலுமினியம் அதிகம், சாம்பல் அடுக்கில் மட்டும் இந்த விகிதம் ஏமாற்றும்.) ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் நோவா அமைப்பு வகுத்த கீழ்வரம்புகள் பயன்படும்: உலர்ந்த வண்டலில் கிலோவுக்குக் காட்மியம் 1.2 மி.கி., ஈயம் 46.7, பாதரசம் 0.15, ஆர்சனிக் 8.2. இதைத் தாண்டினாலே உயிர் சாகும் என்று பொருளில்லை. பாதிப்பு தொடங்கக்கூடிய எல்லை, அவ்வளவே.

காக்கா ஆழி தனி விஷயம். அது தென் அமெரிக்கப் பக்கத்து வகை, மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், நாரால் தரையைப் பின்னிச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும், மட்டி அதன் அடியில் மூச்சுமுட்டிப் போகும். கழிவால் வந்த இழப்பையும் ஆழியால் வந்த இழப்பையும் ஒரே கணக்கில் போட்டால் இரண்டுமே நிற்காது. ஆழி படர்ந்த இடத்தில் 25 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து எண்ணித் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

---

ஓதக்கணக்கு:

பத்தரை முதல் பன்னிரண்டு என்கிறீர்கள். அது ஏற்றமா வற்றமா? ஏற்றத்தில் எடுத்திருந்தால் முகத்துவாரத்தில் நீங்கள் அளந்தது கடல் தண்ணீரைத்தான். உப்பளவு எழுதியிருந்தால் இதை இப்போதே சொல்லிவிடலாம்: கிலோவுக்கு 33, 34 கிராம் என்று இருந்தால் அது கடல். ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பளவு காட்டும் கையடக்கக் கருவி) ஒன்று வாங்கிவிடுங்கள். வாலை வடிநீரில் பூஜ்யம் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சொட்டு.

இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு சுற்று 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். அஷ்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. கழிவு தேங்கி நிற்பது அந்த மந்தமான நாட்களில்தான். ஆகவே அஷ்டமியை ஒட்டிய ஒரு நாளில், விடியலுக்கு முன் வற்றம் அடங்கும் நேரம் அமையும்படி ஓத அட்டவணை பார்த்துத் தேதி வையுங்கள். மோசமான நிலை அன்றைக்குத் தெரியும். ஒப்பிட, பௌர்ணமி ஏற்றத்தில் ஒரு தடவை.

மேல்தண்ணீர் மட்டும் போதாது. கால்வாயில் வரும் சாக்கடை உப்பில்லாதது, லேசானது. உப்புத்தண்ணீர் மேல் மிதந்து வரும். அம்மோனியா மேலே அதிகம் இருக்கும், ஆக்சிஜன் கீழே குறைவாக இருக்கும். மேலே ஒன்று, தரைக்கு 30 செ.மீ. மேலே ஒன்று என்று இரண்டு எடுங்கள்.

சாம்பல் படிவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். ‘ஆழம் குறைந்ததால் கடல் தண்ணீர் வந்துபோவது குறைந்துவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது அப்படியே சரியல்ல. வற்றத்திலும் தண்ணீர் நிற்கும் பள்ளம் தூர்ந்தால் ஒவ்வோர் ஓதத்துக்கும் ஏறி இறங்கும் அளவு நேரடியாகக் குறையாது. மீன் ஒதுங்கும் குளிர்ந்த ஆழம்தான் போகும். ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தெரியும் திட்டுகள் உயர்ந்தாலும், முகத்துவாரத்தில் மணல் அடைத்தாலும்தான் அந்த அளவு குறையும். கணக்கு எளிது: ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஏறினால் 10 லட்சம் கன மீட்டர். முகத்துவாரம் அடைத்து உள்ளே 40 செ.மீ. மட்டுமே ஏறினால் 4 லட்சம். வரும் கழிவு அதேதான், கழுவிக்கொண்டு போகும் தண்ணீர் பாதிக்கும் கீழே. அதனால் முகத்துவாரத்துக்கு வெளியே ஓர் அளவுக் கம்பமும் உள்ளே ஓர் அளவுக் கம்பமும் நட்டு, ஒரே நாளில் அரைமணிக்கு ஒருமுறை மட்டம் எழுதுங்கள். உள்ளே ஏறும் உயரம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு தாமதமாகிறது என்பது அடைப்பின் நேரடி அளவு. ஆழத்துக்கு, 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழியால் கரைக்குக் கரை பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. எழுதிய நேரத்தின் மட்டத்தை வைத்துத் திருத்துங்கள், இல்லாவிட்டால் ஓதத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

வெப்பநிலையையும் விடாதீர்கள். 1999 ஜூனுக்குப் பின் தொடங்கிய, கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையம் விடும் தண்ணீரால், வாங்கும் நீர்நிலையின் சூடு இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. மே மாதத்தில் இயல்பே 31, 32 என்றால் விதிக்குள் இருந்தும் 38, 39 வரை போகலாம். அந்தத் தண்ணீர் வெளிவரும் கால்வாயின் வாயிலிருந்து 100 மீட்டருக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் இறக்கி, இயல்புக்குத் திரும்பும் தூரத்தைக் குறியுங்கள்.

---

கொசத்தலைக்கரை:

மூவருக்கும் நன்றி. சிஓடியை எடுத்துவிடுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. பணம் முழுதும் இல்லையென்றால் எதை முதலில் செய்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அலையாத்தியில் ஒட்டியிருந்ததே, அது இன்னும் சேற்றில் இருக்குமா? எப்படிப் பார்ப்பது?

---

பிப்பெட்:

வரிசை: பிவிசி பைப் அடுக்கு, கழியால் ஆழம், உப்பளவு, வெப்பநிலை, பிஎச். இவற்றுக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. பிறகு விடியற்கால விங்க்ளரும் அம்மோனியாவும். கல்லூரி லேபிலேயே முடியும். வண்டல் உலோகத்துக்குத்தான் வெளி லேப் வேண்டும். அதை நான்கு இடத்திலும் செய்ய முடியாவிட்டால், சாம்பல் அடுக்கு தடிமனான ஓர் இடம், சாம்பலே இல்லாத ஆனால் அதே மாதிரி களியுள்ள ஓர் இடம், இந்த இரண்டை மட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரியாகச் செய்யுங்கள். நான்கு இடத்தில் ஒவ்வொன்று எடுப்பதைவிட இது உறுதியாக நிற்கும். பிஓடி கேட்டால் 27 டிகிரியில் 3 நாள் முறை என்று எழுதிக் கொடுங்கள், லேபுக்கு ஐஸ் பெட்டியில் அன்றே போய்ச் சேர வேண்டும்.

---

சேற்றுநண்டு:

எண்ணெய் இருக்க வாய்ப்பு அதிகம். மேற்பரப்பில் இருப்பது வெயிலிலும் அலையிலும் சிதையும்; நண்டு வளை வழியாக உள்ளே இறங்கியது ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வளையைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு பக்கமாக வெட்டிப் பாருங்கள். சுவரில் பழுப்பாகப் படிந்திருந்தாலோ, குழியில் ஊறும் தண்ணீர்மேல் வானவில் படலம் வந்தாலோ சந்தேகப்படலாம். குச்சியால் அந்தப் படலத்தைக் கீறுங்கள். துண்டு துண்டாக உடைந்து நின்றால் அது இரும்பு பாக்டீரியா. பிளந்த இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெய்.

வெண்கண்டலுக்கு மூச்சு, சேற்றுக்கு வெளியே நீட்டி நிற்கும் சுவாச வேர்களில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான். அவை அடைபட்டால் மரம் உடனே சாகாது. இலை பழுத்து உதிர்வது வாரங்கள், மாதங்கள் கழித்துத் தெரியும். 50 செ.மீ. சட்டத்துக்குள் உயிருள்ள வேர் எத்தனை, கறுத்தது எத்தனை என்று எண்ணி, எண்ணெய் படாத இடத்தோடு ஒப்பிடுங்கள். நாற்றுகளில் இருபத்தைந்தைத் துணி கட்டி அடையாளமிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். போகும்போது பலகை போட்டு நடக்க வேண்டும். மிதித்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும், வேரும் முறியும். யாராவது டிடர்ஜென்ட்டோ வெந்நீர் அழுத்தக் குழாயோ கொண்டுவந்தால் அனுமதிக்காதீர்கள், அது மிச்சமுள்ள வேரையும் கொன்றுவிடும்.

லேபுக்கு அனுப்பும் சேற்றை எஃகுக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடிக்கும் ஜாடிக்கும் நடுவே அலுமினியத் தாள் வையுங்கள். உலோகத்துக்குப் பிளாஸ்டிக், எண்ணெய்க்குக் கண்ணாடி; இரண்டையும் ஒரே ஜாடியில் எடுக்க முடியாது. மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் பிஏஎச்சும் (எண்ணெயிலுள்ள நச்சு வளைய ஹைட்ரோகார்பன்கள்) கேளுங்கள். அன்றே அனுப்ப முடியாவிட்டால் மைனஸ் 20-இல் உறைய வையுங்கள், ஜாடியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி.